மேல்விஷாரத்து மாடியிலிருந்து சிமிகோட் வரை

நேபாளத்தின் மேற்கு மூலையில், ஒன்பதாயிரம் அடிக்கு மேலே, சிமிகோட் என்று ஓர் ஊர் இருக்கிறது. இந்தப் பொங்கல் விடுமுறையில் நாங்கள் அங்கே போய் வந்தோம். பாஸ்போர்ட் எடுக்கவில்லை, ஸ்வெட்டர் வாங்கவில்லை, டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்கவில்லை. வேலூர் பக்கத்து மேல்விஷாரத்தில் ரஃபீக் பாய் வீட்டு மாடியறையில், மூன்று கணினிகளின் முன்னால் உட்கார்ந்தபடியே போனோம். இதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். எனக்கு வருத்தமில்லை. ஆனால் நான்கு நாளில் எனக்கு வந்த முதுகுவலி நிஜமானது, இன்னும் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர்தான் எங்கள் வாகனம். அதை விளையாட்டு என்று சொன்னால் ரஃபீக் பாய்க்குக் கோபம் வரும். நிஜ ஊர்கள், நிஜ மலைகள், அந்த நிமிடத்தில் அங்கே அடிக்கும் நிஜக் காற்றுகூட அதில் வரும். இணையத்தின் வழியாக நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே வானத்தில் பறக்கலாம், பேசிக்கொள்ளலாம், ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொள்ளவும் செய்யலாம்.

நாங்கள் மூன்று பேர். நான் மேல்விஷாரம் பக்கம் ஒரு ஷூ தொழிற்சாலையில் ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிப்பவன். பதினெட்டு வருடமாக நான் கையெழுத்துப் போட்ட பெட்டிகள் இத்தாலியும் ஜெர்மனியும் பார்த்துவிட்டன, நான் திருப்பதியைத் தாண்டியதில்லை. ரஃபீக் பாய் அதே தொழிற்சாலையில் பிளானிங் பிரிவு. எந்த ஷூவுக்கு எவ்வளவு தோல், எந்த லைனில் எத்தனை நாள் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவர். மூன்றாமவர் குமரேசன், பள்ளிகொண்டாவில் ஹைவே ஓரமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் ஸ்டீரிங்கையும் கால் பெடல்களையும் பழைய ஸ்கூட்டர் சாமான்களில் இருந்து அவர்தான் செய்து கொடுத்தார். வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் விமானத்தை ஷேர் ஆட்டோ மாதிரி ஓட்டுவார். முன்னால் ஒரு விமானம் போனால் அதை முந்தாமல் அவரால் இருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊட்டி, கொடைக்கானல் என்று சுற்றிக்கொண்டிருந்த எங்களை இமயமலைக்கு இழுத்தவர் லிசி அக்கா.

லிசி அக்கா எங்கள் தொழிற்சாலையில் தையல் பிரிவு சூப்பர்வைசர். இருபத்தைந்து வருட சர்வீஸ். அவர் லைனில் கோணல் தையல் ஒன்றுகூடத் தப்பிப் போகாது. கணவர் இறந்து பல வருடமாகிறது. ஒரே மகள் பெனிட்டா வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சிமிகோட்டில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு வருட வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள் பதில் சொல்ல வேண்டும். பெனிட்டாவுக்குப் போக ஆசை. ஆனால் அம்மா சரியென்றால்தான் போவேன் என்று சொல்லிவிட்டாள். லிசி அக்காவுக்கு அதுதான் பெரிய பாரம். பெண் அடம்பிடித்தால் நாலு திட்டுத் திட்டலாம். முடிவை இப்படித் தூக்கி மடியில் வைத்துவிட்டால் என்ன செய்வது?

போதாததற்கு யாரோ அவர் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். மலைக்கு நடுவே ஒரு குட்டி விமானம் இறங்குகிற காட்சி. கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அதை எங்களிடம் காட்டினார்.

"மலைமேல மோதப் போவுற மாதிரியே போய் இறங்குது பாய். இதுலயா என் பொண்ணு போவணும்?"

ரஃபீக் பாய் அந்த வீடியோவை மூன்று தடவை பார்த்தார். அக்காவின் பயத்தைப் பார்த்தார் என்றா நினைக்கிறீர்கள், அந்த பைலட் கடைசியில் எப்படித் திருப்பினான் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்து, நாங்களே உங்களை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறோம் அக்கா, பார்த்துவிட்டு வேண்டாமென்று சொல்லுங்கள் என்றார். அக்கா சிரித்துவிட்டார். கை கழுவிவிட்டு வந்து, எப்போது கிளம்புவது என்று கேட்டார்.

எங்கள் தொழிற்சாலையில் புது ஆர்டர் வந்தால், எல்லாப் பிரிவுக்காரர்களும் கூடி உட்கார்ந்து எங்கெங்கே சொதப்பும் என்று முன்கூட்டியே பேசுவார்கள். பிபி மீட்டிங் என்று பெயர். ரஃபீக் பாய் இமயமலைக்கும் ஒரு பிபி மீட்டிங் போட்டார். மாடியறைச் சுவரில் சார்ட் பேப்பர் ஒட்டிக் கட்டங்கள் வரைந்தார். நாள், கிளம்பும் இடம், இறங்கும் இடம், உயரம், நிமிடம், பெட்ரோல், பொறுப்பு. வானிலை என்ற வரிக்கு நேரே பொறுப்பு என்று என் பெயரை எழுதியிருந்தார். மழை வந்தால் என்னிடம்தான் விளக்கம் கேட்பார் போல என்று பயந்துபோனேன்.

விதிகளும் உண்டு. எல்லோருக்கும் ஒரே வகை விமானம், இரட்டை இன்ஜின் குட்டி விமானம். இரண்டு நிமிட இடைவெளி. யாரும் யாரையும் முந்தக்கூடாது, இதைச் சொல்லும்போது எல்லோரும் குமரேசனைப் பார்த்தோம். யாராவது விழுந்துவிட்டால் அவர் மறுபடி கிளம்பி வரும்வரை மற்றவர்கள் வானத்தில் வட்டமடித்துக் காத்திருக்க வேண்டும். பாய் தொழுகைக்குப் போகும்போது விமானத்தைத் தானே ஓடும்படி விட்டுப் போவார், யாரும் தொடக்கூடாது. குமரேசனுக்கு ஒரே ஒரு கோரிக்கை இருந்தது. சிமிகோட்டுக்கு மேலே கொஞ்ச தூரத்தில்தான் கைலாசம், அவ்வளவு தூரம் போய்விட்டு எட்டிப் பார்க்காமல் வருவதா என்றார். அது சீனாவில் இருக்கிறது, விசா இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது என்று பாய் மறுத்துவிட்டார். சிமுலேட்டரில் யாருங்க விசா கேக்கப் போறான் என்று குமரேசன் அரைமணி நேரம் வாதாடிப் பார்த்தார். ரூல்னா ரூல்தான் என்று அந்த அத்தியாயம் முடிந்தது.

வழிகாட்டியாகக் கிடைத்தவர் பிஷ்ணு. சிமுலேட்டர்க்காரர்களின் இணையக் குழு ஒன்றில் ரஃபீக் பாய் அவரைப் பிடித்தார். நேபாளத்தின் சமவெளியில், மலை தொடங்குவதற்கு முன்னால் இருக்கிற நேபாள்கஞ்சில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். சிமிகோட்டுக்கு மருந்துப் பெட்டிகளை விமானத்தில் அனுப்புகிறவர் என்பதால் அந்த வழி அவருக்கு அத்துப்படி. அவர் ஹிந்தியில் பேசினார், பாய் வீட்டில் பேசும் உருதுவிலேயே பதில் சொன்னார். ஐந்தாவது நிமிடத்தில் இருவரும் ஒரே தெருக்காரர்கள் ஆகிவிட்டார்கள். நானும் குமரேசனும் தெரியாத வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி முழித்துக்கொண்டிருந்தோம். பிஷ்ணு இரண்டு நிமிடம் பேசுவார், பாய் அதை "வரலாம்ன்றாரு" என்று ஒரே சொல்லில் மொழிபெயர்ப்பார்.

பெட்ரோல் கட்டத்தைப் பாய் யாரையும் கேட்காமல் அவரே நிரப்பினார். நாங்களும் கேட்கவில்லை. பிளானிங்கில் அவர் போட்ட கணக்கை அதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை.

முதல் நாள் போகி. வேலூர் லாங் பஜாரில் என் வீட்டில் இருந்து நான் வண்டியை எடுத்தபோது தெருவெல்லாம் பழைய பாயும் டயரும் எரிந்த புகை. எதிரே வரும் கைவண்டிகூடத் தெரியவில்லை. மேல்விஷாரம் போய்ச் சேர்வதற்குள் இரண்டு இடத்தில் கீழே விழப் பார்த்தேன். அந்த நான்கு நாள் பயணத்தில் நான் உயிருக்குப் பயந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

சொந்த ஊரில் இருந்து கிளம்பாமல் யாத்திரை போவது சரியில்லை என்று குமரேசன் சொன்னதால், வேலூர் அப்துல்லாபுரம் விமானத் தளத்தில் இருந்தே ஏறினோம். அங்கே பயணிகள் விமானம் ஏறி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு மூன்று விமானங்கள் வரிசையாக ஏறின. என் பக்கத்து நாற்காலியில் லிசி அக்கா, கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி. கீழே வேலூர்க் கோட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். அகழியைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. பிறகு பாலாற்றின் மேலே வந்தோம். சிமுலேட்டரைச் செய்த புண்ணியவான் வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு, ஆறு என்றால் தண்ணீர் இருக்கும் என்று நம்பி, கரை முட்ட நீலமாக நிரப்பி வைத்திருக்கிறான்.

லிசி அக்கா முன்னால் சாய்ந்து பார்த்துவிட்டு, பாலாத்துல இவ்ளோ தண்ணி ஓடுதுன்னா இது காட்டுற எதையும் நம்பக்கூடாது என்று சொல்லிவிட்டார். அறையே சிரித்தது. பயணத்தின் முதல் நாளிலேயே நம்பிக்கை போய்விட்டதே என்று எனக்கு உள்ளூரக் கவலை.

குமரேசன் தன் வீட்டைத் தேடிப் பள்ளிகொண்டாவை மூன்று சுற்றுச் சுற்றினார். ரங்கநாதர் கோயில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி நின்றது. அவர் பட்டறை இருக்கும் இடத்தில் ஓடு வேய்ந்த ஐரோப்பிய வீடு ஒன்று, தோட்டத்துடன். என் பட்டறையை யாரோ நல்ல விலை கொடுத்து வாங்கி வீடு கட்டிட்டான் போல என்றார்.

இரண்டாம் நாள் பொங்கல். பண்டிகையும் அதுவுமாக எந்த மனுஷன் இமயமலைக்குப் போவான் என்று என் மனைவி கேட்டாள். திட்டிக்கொண்டே ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினாள்.

அன்றைக்கு நேபாளம். சிமுலேட்டரில் எந்த ஊர் விமானத் தளத்தில் இருந்து வேண்டுமானாலும் கிளம்பிக்கொள்ளலாம். பொக்காராவில் இருந்து ஜோம்சோம் போகிற பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் அன்னபூர்ணா, மறுபக்கம் தௌலாகிரி, நடுவே நாங்கள் கொசு மாதிரி. எங்கள் வேலூர் மலைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த மலைகள் மலையாகவே படவில்லை. நம்மூர் மலை என்றால் லாரி லாரியாகப் பாறை கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது போல இருக்கும், ஏறினால் ஒரு மணி நேரத்தில் உச்சி. இங்கே எட்டாயிரம் அடியில் பறந்துகொண்டு அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. எனக்கு உண்மையாகவே கழுத்து வலித்தது.

நான் பனிச் சிகரங்களைக் காட்டிக்கொண்டே வந்தேன். லிசி அக்கா மேலே பார்க்கவேயில்லை. கீழேயே பார்த்துக்கொண்டு வந்தார். அதோ ஒரு ஓரமாக நாலு வீடு இருக்கிறதே, அவர்கள் அரிசி பருப்பு எங்கே போய் வாங்குவார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு நடப்பார்கள் என்று கேட்டபடி வந்தார். பாய் வழியாகக் கேள்விகள் பிஷ்ணுவுக்குப் போயின. நடப்பார்கள் அக்கா, ஒரு நாள், இரண்டு நாள்கூட நடப்பார்கள் என்று பதில் வந்தது.

குமரேசனால் பொறுக்க முடியாமல் ஒரு வளைவில் என்னை முந்தப் பார்த்து மலையில் போய் முட்டிக்கொண்டார். விதிப்படி நாங்கள் வட்டமடித்தோம். அந்தக் காத்திருப்பில் பிஷ்ணு ஜோம்சோம் பக்கத்து ஆப்பிள்களைப் பற்றிச் சொன்னார். மெல்லிசாக அரிந்து கூரைமேல் காயப்போடுவார்களாம். நான் சர்க்கரைப் பொங்கலை எப்படிச் செய்வது என்று சொன்னேன், பாய் மொழிபெயர்த்தார், முந்திரி எத்தனை என்று பிஷ்ணு கேட்டார். ஜோம்சோமில் மூவரும் பத்திரமாக இறங்கினோம். இறங்கியபோது பெட்ரோல் முள் அடிமட்டத்தில் கிடந்தது. பாயின் கணக்கு எவ்வளவு சுத்தம் பார் என்று நான் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். இப்படிப்பட்ட புத்திசாலி நான்.

மூன்றாம் நாள் மாட்டுப் பொங்கல். குமரேசன் ஒன்றரை மணி நேரம் தாமதம். மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, நீலமும் சிவப்புமான கையோடு வந்து ஸ்டீரிங்கைப் பிடித்தார். பாயின் வீட்டம்மா ஆம்பூர்க்காரர். கீழே சமையலறையில் பிரியாணி தம்மில் இருந்தது. அந்த வாசனையில் எங்களால் வரைபடத்தைப் பார்க்கவே முடியவில்லை. ஆஸ்பத்திரியில் விடுப்பு வாங்கிக்கொண்டு பெனிட்டாவும் அன்றைக்கு வந்திருந்தாள். அமைதியான பெண். அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

அன்றுதான் முக்கியமான நாள். நேபாள்கஞ்சில் இருந்து சிமிகோட். பெனிட்டா போக வேண்டிய அதே வழி. முன்னால் பிஷ்ணு, பிறகு பாய், நான், குமரேசன். சமவெளியில் பனிமூட்டம். மேலே ஏறியதும் வெயில். கர்னாலி ஆற்றைப் பிடித்துக்கொண்டு வடக்கே போனோம். சிமிகோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பள்ளத்தாக்கு முழுவதும் மேகம் அடைத்துக்கொண்டிருந்தது. வானிலைக்குப் பொறுப்பு நான்தான் என்று குமரேசன் ஞாபகப்படுத்தினார். இடைவெளி தேடி ஒரு சுற்று, இன்னும் மேலே ஏறி இன்னொரு சுற்று, பிறகு இன்னொன்று.

முதலில் குமரேசனின் இன்ஜின் நின்றது. அவர் ஏதோ பட்டனைத் தட்டிவிட்டார் என்று நினைத்தோம். அடுத்தது ரஃபீக் பாய். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எங்கள் தொழிலில், ஒரு ஜோடி ஷூவுக்கு இவ்வளவு தோல் என்று ஒரு நார்ம் உண்டு. அதற்கு மேல் ஐந்து சதவீதம் சேதாரத்துக்கு. அதையும் தாண்டி ஒரு துண்டு கூடுதலாகக் கொடுத்தால் மானேஜர் கூப்பிட்டுக் கேட்பார். வெட்டி முடித்ததும் மேசையில் எதுவும் மிஞ்சக்கூடாது. ரஃபீக் பாய் இருபது வருடமாக அப்படித்தான் நல்ல பெயர் வாங்கியிருக்கிறார். மனுஷன் பெட்ரோலுக்கும் அதே நார்மைப் போட்டிருக்கிறார். வரைபடத்தில் நேர்க்கோடு போட்டு அளந்து, அதற்கு மேல் ஐந்து சதவீதம். மலையைச் சுற்றிக்கொண்டு போக, மேகத்துக்குக் காத்திருக்க, திரும்பி வர ஒரு சொட்டு இல்லை.

என் இன்ஜினும் நின்றது. லிசி அக்கா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். ஆற்றங்கரை தெரிகிறதா என்று தேடினேன், மேகம்தான் தெரிந்தது. மேகத்துக்குள் இருந்து திடீரென்று ஒரு படிவயல் வந்தது. திரை கறுத்துப்போனது. முழுத் தொட்டியோடு மேலே பறந்துகொண்டிருந்த பிஷ்ணு, உங்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் என்ன ஆயிற்று பாயி சாப் என்று ஹிந்தியில் கேட்டுக்கொண்டிருந்தார்.

லிசி அக்கா எழுந்தார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பெனிட்டாவிடம் வா போகலாம் என்றார். படியிறங்கும்போது பாயின் வீட்டம்மா பிரியாணித் தட்டோடு எதிரே வந்தார். இன்னொரு நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெனிட்டா மட்டும் ஒரு முறை திரும்பி எங்களைப் பார்த்தாள், கோபமில்லை, பரவாயில்லை என்பது போன்ற பார்வை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு பெண்ணின் வாழ்க்கையில் விளையாடிவிட்டோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஆம்பூர் பிரியாணியை நான் பாதியில் வைத்தது வாழ்நாளில் அன்று ஒருநாள்தான்.

அன்று மாலை ரஃபீக் பாய் அக்காவுக்குப் போன் செய்து, தப்பு மலையுடையதும் இல்லை, விமானத்துடையதும் இல்லை, என்னுடையதுதான் என்று சொன்னார். சரி பாய் என்று மட்டும் பதில் வந்ததாம்.

நான்காம் நாள் காணும் பொங்கல். மாவட்டமே ஏலகிரிக்கும் அமிர்திக்கும் கோட்டைக்கும் கிளம்பிப் போயிருந்தது. நாங்கள் மூவரும் மாடியறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பத்து மணிக்குப் படியில் செருப்புச் சத்தம். லிசி அக்கா, பின்னால் பெனிட்டா, அவள் கையில் ஒரு சாப்பாட்டுக் கூடை.

அக்கா நேரே சுவருக்குப் போனார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தப்பாய்த் தைத்த ஷூவைப் பார்ப்பது போல அந்தச் சார்ட்டைக் கட்டம் கட்டமாகப் பார்த்தார். பெட்ரோல் கட்டத்தில் விரலை வைத்தார்.

"யாரு போட்ட நார்மு இது?"

"நான்தான்கா."

"கட்டிங்ல நீங்க கம்மியா குட்த்துடுவீங்க. பேஜாரு பூரா தையல்ல எங்க தலைமேல வந்து வுழும். எப்பவும் இதான் உங்க வேலை."

பாய் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் எனக்கு உயிர் வந்தது. அக்கா திட்டுகிறார் என்றால் விட்டுவிட்டுப் போகவில்லை என்று அர்த்தம்.

பிஷ்ணுவிடம் பேச வேண்டும் என்றார். பாய் நடுவே உட்கார்ந்து மொழிபெயர்த்தார், இந்த முறை ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. நிஜ பைலட்டுகள் எவ்வளவு பெட்ரோலோடு போவார்கள் என்று அக்கா கேட்டார். போகவும் திரும்பவும், அதற்கு மேலும் நிறைய என்றார் பிஷ்ணு. மேகம் இருந்தால்? கிளம்பவே மாட்டார்கள். ஜனங்கள் விமான நிலையத்தில் இரண்டு நாள் மூன்று நாள் காத்துக்கிடந்து, எதிர்க் கடையில் பருப்புச் சாதம் சாப்பிட்டுவிட்டு, பைலட்டை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். இதைக் கேட்டதும் அக்காவுக்கு அந்த முகம் தெரியாத பைலட்டின் மேல் மரியாதை வந்துவிட்டது. டார்கெட்டுக்குப் பயப்படாத ஆளாக இருக்கிறானே என்றார்.

கடைசியாக, விபத்தே நடக்காதா என்று கேட்கச் சொன்னார். பாய் தயங்கினார். கேளுங்க பாய் என்றார் அக்கா.

பிஷ்ணு சொன்னதைப் பாய் வரி வரியாகச் சொன்னார். "நடக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன் அக்கா. என் தம்பி மருந்துப் பெட்டியோட அதுலதான் போறான், வர்றான். ஒவ்வொரு தடவையும் அவன் போய் சேர்ந்து போன் பண்ற வரைக்கும் நான் கடையில யாருக்கும் சில்லறை சரியா குடுத்ததில்ல."

அக்கா தலையாட்டினார். இந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். நாங்கள் நான்கு நாளாகப் பயப்பட ஒன்றுமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். பயப்படுகிற ஒருவர் இப்போதுதான் கிடைத்தார்.

கைப்பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். என்னை எழுந்திருக்கச் சொன்னார்.

"இன்னிக்கு நான் ஓட்டுறேன். இவ பக்கத்துல உக்காரட்டும். எல்.கே.ஜி.லருந்து நர்சிங் ஹாஸ்டல் வரைக்கும் நான்தான் கொண்டுபோய் வுட்டேன். இதுக்கு மட்டும் வேற ஆளு எதுக்கு?"

சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர். மதியம் வரை நேபாள்கஞ்சையே சுற்றிச் சுற்றிப் பயிற்சி. மூன்று தடவை விழுந்தார், நான்காவது தடவை ஒரு மாட்டுக் கொட்டகையில் போய் நின்றார். ஆனால் ஒரு விஷயத்தில் எங்கள் மூவரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். தரையில் விமானத்தை ஓடுதளத்தின் நடுக்கோட்டிலேயே வைத்திருப்பது கால் பெடலில்தான் இருக்கிறது. நாங்கள் குடித்தவர்கள் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைவோம். சூப்பர்வைசர் ஆகும்வரை வருடக்கணக்கில் தையல் மெஷின் பெடலை மிதித்த கால், எவ்வளவு அழுத்தினால் ஊசி எத்தனை தையல் போகும் என்று தெரிந்த கால், கோடு பிசகாமல் கொண்டுபோனது. குமரேசன் பொறாமையில் பெடலைத்தான் புகழ்ந்தார்.

பெனிட்டா கொண்டுவந்த கூடையில் கருவாட்டுக் குழம்பும் சோறும். பாய் வீட்டில் நேற்றைய பிரியாணியைச் சூடு பண்ணித் தந்தார்கள். இரண்டையும் ஒன்றாகச் சாப்பிட்டவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒரு குறையும் இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினோம். ரஃபீக் பாய் அக்காவின் விமானத்தில் தொட்டி விளிம்புவரை பெட்ரோல் நிரப்பினார், பிறகு எழுந்து வந்து ஒரு தடவை சரிபார்த்தார். அன்றைக்கு வானம் நன்றாகத் திறந்திருந்தது. முன்னால் பிஷ்ணு, பிறகு பாய், நடுவே அக்கா, கடைசியில் குமரேசன். எனக்கு விமானம் இல்லை, அக்கா என் கணினியில் இருந்தார். நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். குமரேசன் ஒரு தடவைகூட முந்தவில்லை.

பெனிட்டா உயரத்தைப் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். பத்தாயிரம், பதினொன்று, பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. அக்கா வேறெதுவும் கேட்கவில்லை. நெற்றியில் வியர்வை வழிந்தபோது பெனிட்டா தன் துப்பட்டாவால் ஒற்றிவிட்டாள். கடைசி வளைவைத் தாண்டியதும் சிமிகோட் தெரிந்தது. மேடான ஓரிடத்தில் நாடா போட்டது போல ஓடுதளம், சுற்றிலும் வீடுகள், வயல்கள். பள்ளத்தாக்கு நேரே மலையில் போய் முடிவது போலத்தான் இருந்தது. வீடியோவில் பார்த்த அதே காட்சி. பாய் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார், கொஞ்சம் குறைங்க அக்கா, இன்னும் கொஞ்சம், இப்ப மூக்கைத் தூக்குங்க.

விமானம் தரையில் விழுந்து துள்ளி, மறுபடி விழுந்து, ஓடுதளத்தின் முடிவையும் தாண்டிப் புல்லில் போய் நின்றது. முழுசாக நின்றது. நான் கைதட்டப் போனேன். குமரேசன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா இன்ஜினை நிறுத்தவில்லை. ஸ்டீரிங்கில் இருந்து கையை எடுத்து, புடவையில் துடைத்துக்கொண்டு, மகளைப் பார்த்தார்.

"வந்து சேந்தாச்சு. நீ எறங்கு."

பெனிட்டாவுக்குப் புரியவில்லை. எனக்கும் ஒரு நொடி புரியவில்லை.

"எறங்குடி. நான் திரும்பிப் போவணும். நாளைக்கு லைன் ஓடணும் எனக்கு."

பெனிட்டா நாற்காலியை விட்டு எழுந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். திரும்பும் வழிக்கு நான் ஓட்டட்டுமா என்று ரஃபீக் பாய் கேட்டார், அக்கா வேண்டாமென்று தலையாட்டினார். புல்லில் இருந்து விமானத்தை வளைத்து ஓடுதளத்துக்குக் கொண்டுவந்தார். கோடு பிசகவில்லை. ஏறினார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது, எங்களில் யாருக்கும் அதில் போய் உட்கார மனம் வரவில்லை. எனக்குக் கண் கலங்கியது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

ஆற்றின் மேல் வந்தபோது விமானம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. சுவரோரம் நின்ற பெனிட்டாவால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, உயரம் கம்மியாவுது."

லிசி அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ சிமிகோட்ல இருக்குற. நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு ஸ்டீரிங்கைத் தன் பக்கம் மெல்ல இழுத்தார். விமானம் ஏறியது.